அலோய்ஸ் பொய்யை விட்ட தவக்காலம்

எழுபத்தொன்பது வயதில் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்க்க நேர்ந்தால், இரண்டு மணி நேரத்தில் முழுவதையும் பார்த்து முடித்துவிடலாம். அதில் அவ்வளவுதான் இருக்கிறது. அலோய்ஸ் மெலிச்சார் முடித்துவிட்டு இரண்டாம் தடவை தொடங்கியிருந்தபோது, சாலையோரப் பெட்டியில் தபால் போட வந்த தபால்காரி டெல்ஃபினா வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன ஐயா, இங்க வந்து படுத்திருக்கீங்க?"

"ஆர்மடில்லோ ஒண்ணு என்னை மோவாயில குத்திப் போட்டுடுச்சும்மா."

"ஆமாமா, குத்தும் குத்தும்," என்று சொல்லிக்கொண்டே அவள் ஆம்புலன்சுக்கு போன் செய்தாள்.

நடந்தது அதுதான். பிப்ரவரி மாதம், வெயில் ஏறிய மத்தியானம். குளிர்காலத்தில் ஆர்மடில்லோக்கள் பகலில்தான் மேயும். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒன்று மூக்கை மண்ணில் புதைத்துப் புழு நோண்டிக்கொண்டிருந்தது. பூனை அளவு உடம்பு, அதன்மேல் யாரோ பழைய தகரத்தை அடுக்கி ஆணி அடித்ததுபோல ஓடு, கழுதைக் காது, எலி வால். கடவுள் சனிக்கிழமை சாயங்காலம் மிச்சம் மீதியை வைத்துச் செய்த பிராணி. அதற்குக் கண்ணும் சரியில்லை, காதும் சரியில்லை. பக்கத்தில் போய் நின்றாலும் தெரியாது. அலோய்ஸ் குனிந்து பார்த்தார். பிறகு விரட்டுவதற்காகக் காலைத் தரையில் ஓங்கி மிதித்தார்.

திடுக்கிட்ட ஆர்மடில்லோ ஓடாது. முதலில் நின்ற இடத்திலிருந்து நேராக மேலே குதிக்கும், அப்புறம்தான் ஓடும். டெக்சாஸில் நெடுஞ்சாலையைக் கடக்கும் ஆர்மடில்லோக்களில் பாதி சக்கரத்தில் அடிபட்டுச் சாவதில்லை. வண்டி தலைக்கு மேலே போகும்போது குதித்துத்தான் சாகின்றன. இதெல்லாம் அலோய்ஸுக்குத் தெரியும். தெரிந்தும் மோவாயை அதற்கு நேர் மேலே வைத்திருந்தார். அடி வாங்கிப் பின்னால் வைத்த கால், அது ஏற்கனவே தோண்டி வைத்திருந்த குழிக்குள் போயிற்று.

ஹூஸ்டனிலிருந்து மகள் மார்செலா இரண்டரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். எலும்பு முறியவில்லை. இடுப்பு வீங்கியிருந்தது, மோவாயில் காயம். வயசானால் உடம்பின் நிதானம் தளர்ந்துபோகும், இனிமேல் இப்படித்தான் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். அலோய்ஸைப் பார்த்துச் சொல்லவில்லை.

"நிதானம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அது குதிச்சுது," என்றார் அலோய்ஸ்.

"கோழிக்கூடு வெள்ளத்துல மிதந்து போயி, பதினோரு நாள் கழிச்சு வேற நிற முட்டையோட திரும்பி வந்துச்சுன்னும் சொன்னீங்க."

"அது வேற விஷயம்."

"தாத்தாவோட கழுதை செக் பாஷையில ஜெபம் சொன்னாத்தான் நகரும்னு சொன்னீங்க. அதைப் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

ஐம்பது வருடமாக அலோய்ஸ் சொன்ன கதைகள் எல்லாம் ஒன்று சேர்ந்து வந்து, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிக் கைகட்டி நின்றதுபோல் இருந்தது.

மார்செலா கெட்டவள் அல்ல. தகப்பன் இரண்டு மணி நேரம் தரையில் கிடந்தார் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். போன கிறிஸ்துமஸுக்கே அவருடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது ஆளையே எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். அவள் வீடு மூன்றாவது மாடியில். அவருக்கென்று ஒதுக்கியிருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு மூன்றாவது மாடி. அலோய்ஸ் அங்கே ஒருமுறை நான்கு நாள் இருந்து பார்த்தார். லிஃப்டில் ஒருவரிடம் ஒரு கதையைத் தொடங்கினார். கதை சூடு பிடிப்பதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு மார்செலா வருவாள். வாசற்படியிலிருந்து தபால் பெட்டிவரை அறுபது தப்படி. அதற்குள் ஒரு குழி, ஒரே ஒரு குழி அவள் கண்ணில் பட்டாலும் அவர் அன்றைக்கே பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டும். படாவிட்டால் அந்தப் பேச்சை அவள் இனி எடுக்கக் கூடாது.

அலோய்ஸ் ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஊன்றுகோலோடு நடந்து எண்ணிப் பார்த்தார். முப்பத்தொரு குழி.

அடுத்த புதன்கிழமை சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். செக் வம்சாவளியினரின் நோவி லூக் கிராமத்தில், ஈஸ்டர் வரையான தவக்காலத்துக்கு ஆளுக்குப் பிடித்த ஒன்றை விடுவார்கள். தீவனக்கடை ஃப்லோரியன் வருடா வருடம் பீரை விட்டுவிட்டு, வருடா வருடம் மூன்றாவது வாரம் பிடித்துக்கொள்வார். அலோய்ஸ் இதுவரை விட்டதெல்லாம் தனக்குப் பிடிக்காத பண்டங்கள். இந்த முறை மறுநாள் வியாழக்கிழமை, நெற்றியில் கழுவாத சாம்பலோடு பங்குக் கூடத்து டோமினோ மேஜையில் வந்து உட்கார்ந்தவர், கட்டைகளைக் கலைத்தபடியே சொன்னார்:

"இந்தத் தவக்காலத்துல நான் பொய்யை விட்டுட்டேன்."

மேஜையில் நாலு பேர். அலோய்ஸ், ஃப்லோரியன், பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்ற அல்பினா டீச்சர், அப்புறம் ஃப்லோரியனின் மச்சான். மச்சான் பேசமாட்டார். அன்றைக்கு அவரே சிரித்துவிட்டார்.

"நீ விட்டதுலயே பெரிய பொய் இதுதான்டா," என்றார் ஃப்லோரியன்.

"சிரிங்க. என் மக நம்பலைல்ல? ஈஸ்டர் வரைக்கும் என் வாயில ஒரு பொய் வராது. அப்பவாவது குதிச்சுதுன்னா குதிச்சுதுன்னு ஒத்துக்குவா."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம்? நாளைக்கு நான் வந்து அதைச் சுட்டுத் தர்றேன். குழியும் நின்னுடும்."

"நான் விழுந்ததைப் பார்த்த ஒரே ஆளு அது. சாட்சியைச் சுடச் சொல்றியா?"

அல்பினா டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு தன் கட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

ஆர்மடில்லோவைப் பிடிப்பது சுலபமில்லை. கூண்டில் எந்த இரையை வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. மண்ணுக்குள் இருக்கும் புழுவைத் தவிர உலகத்தில் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஆனால் அதனிடம் ஒரு பழக்கம் உண்டு: சுவரைக் கண்டால் சுவரோரமாகவே நடக்கும். அலோய்ஸ் கூண்டை வேலியோரம் வைத்து, அதன் வாய்க்கு இரண்டு பக்கமும் நீளப் பலகைகளைப் புனல்போல விரித்து நிறுத்தினார். குனிய முடியாததால் பலகையைக் காலாலேயே தள்ளித் தள்ளி நிறுத்த ஒரு காலைப்பொழுது ஆயிற்று. மறுநாளே உள்ளே ஒன்று இருந்தது. கோபப்படவுமில்லை, பயப்படவுமில்லை. ரயிலுக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"ஆக, நீதான்," என்றார் அலோய்ஸ்.

ஆர்மடில்லோ உடம்பில் தொழுநோய்க் கிருமி உண்டு, தொட்டால் ஒட்டும் என்று மார்செலா பத்து தடவை போனில் சொல்லியிருந்தாள். தோட்டக் கையுறையை மாட்டிக்கொண்டு, கூண்டை ஒரு பலகைமேல் இழுத்து பிக்கப் வண்டியில் ஏற்றினார். மூன்று மைல் தள்ளி நாவிதாத் ஆற்றுக்கு அந்தக் கரையில் கொண்டுபோய்த் திறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஐந்து குழிகளை மூடினார். மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, பழைய இரும்பு உலக்கையால் குத்தி, மேலே புல் பத்தை வைத்து மிதித்தார்.

இரண்டு நாள் கழித்து ஆறு புதுக் குழிகள். கூண்டில் அதே ஆர்மடில்லோ. அதே காது, அதே முகம், ரயில் தாமதமானதுபோல அதே உட்காரல்.

இந்த இடத்தில் வேறொரு மனிதனாக இருந்தால், இது வேறு ஆர்மடில்லோ என்று நினைத்திருப்பான். அதற்குச் சாதாரணப் புத்தி இருந்தால் போதும். அலோய்ஸிடம் இருந்ததோ ஐம்பது வருடமாகத் தீட்டி வைத்த கற்பனை. ஆர்மடில்லோ வயிற்றில் காற்றை நிரப்பி ஆற்றை நீந்தும், இல்லாவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு அடியில் நடந்தே வந்துவிடும். இது அல்பினா டீச்சரே பாடம் நடத்திய உண்மை. ஆக, நடந்து வந்திருக்கிறது. இந்த முறை எட்டு மைல் கொண்டுபோனார். நாலாம் நாள் அது மறுபடியும் கூண்டில் இருந்தது.

வியாழக்கிழமை டோமினோவில் சொன்னார். தீவனக்கடையில் சொன்னார். டெல்ஃபினாவிடம் சொன்னார். அவள் தபால் போடும் வீடுகளுக்கெல்லாம் சேர்த்துச் சொன்னாள். தவக்காலத்தில் பீரும் இல்லை, நடனமும் இல்லை, வெள்ளிக்கிழமையானால் மீனைத் தவிர வேறு போக்கில்லை. ஊருக்கு இந்தக் கதை நன்றாகவே பிடித்துப்போயிற்று. வண்டியை நிறுத்திக் கேட்டார்கள்: "என்ன அலோய்ஸ், உங்க வீட்டு ஆளு ஊருக்கு வந்தாச்சா?" ஒருவர்கூட நம்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்லி, முதல்முறையாக இவ்வளவு கைதட்டல் வாங்கியதில் அலோய்ஸுக்குச் சந்தோஷமும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது.

"நம்பலைல்ல? இருங்க, அதுக்கும் வழி இருக்கு," என்றார்.

போன வருடம் பங்குக் கோவிலின் உட்கூரையில் வானமும் நட்சத்திரங்களும் தீட்டியபோது அவரும் சாரத்தில் ஏறியிருந்தார். நட்சத்திரங்களுக்குப் பின்னால் வரும் அந்த வான நீலத்தில் அரை டப்பா அவர் கொட்டகையில் மீந்து கிடந்தது. ஒரு குச்சியின் நுனியில் தூரிகையைக் கட்டிக் கூண்டுக்குள் விட்டு, ஓட்டின் நடுவே ஒரு கை அகலத்துக்குக் குறுக்குப் பட்டை அடித்தார். ஆர்மடில்லோ அசையவில்லை. கொஞ்சம் பெருமைப்பட்டதாகக்கூட அவருக்குத் தோன்றியது. காயும்வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதனிடம் செக் மொழியில் வானிலை பேசினார். பிறகு இருபத்தெட்டு மைல் ஓட்டிப் போய், கொலராடோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஒரு பீக்கன் கொட்டை மரத் தோப்பில் திறந்துவிட்டார். நீலப் பட்டை புல்லுக்குள் ஆடி ஆடிப் போய் மறைந்தது.

ஆறாம் நாள் கூண்டில் ஆர்மடில்லோ இருந்தது. பட்டை இல்லை.

"ஆத்துத் தண்ணியில கழுவிட்டு வந்திருக்கு," என்றார் அலோய்ஸ், டோமினோ மேஜையில்.

அல்பினா டீச்சர் கையிலிருந்த கட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். "அது எண்ணெய் பெயின்ட், அலோய்ஸ். நூறு வருஷம் தாங்கும்னு சாரத்துமேல நின்னு சாமியார்கிட்ட கத்துனது நீங்கதான்."

அலோய்ஸ் தன் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"ஒண்ணு கேக்கறேன். நாலு தடவை பிடிச்சீங்களே, ஆணா பொண்ணா?"

"ஆணு. நாலு தடவையும் ஆணு. அதனாலதானே ஒரே ஆளுன்னு..."

"அதனாலதான் நாலு ஆளு. இந்த ஜாதி ஆர்மடில்லோ போடறது எப்பவும் நாலு குட்டி. ஒரே கருவு நாலாப் பிரியும். ஆணுன்னா நாலும் ஆணு. அச்சுல வார்த்த மாதிரி நாலும் ஒண்ணாவே இருக்கும். போன வருஷம் உங்க கொட்டகைக்கு அடியில பொறந்திருக்கும். பத்தாம் வகுப்புல இதை நடத்தறப்ப உங்க மார்செலா முதல் பெஞ்சுல உக்காந்து எழுதிக்கிட்டா. வேணும்னா அவளையே கேளுங்க."

ஃப்லோரியன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மூன்றாவது வாரம் என்பதால் அவர் கையில் பீர் இருந்தது. "உண்மை பேசறேன் உண்மை பேசறேன்னு ஊரு பூரா பொய்யைப் பரப்பிட்டியேடா!"

இதுதான் அலோய்ஸைச் சுட்டது. தோற்றதுகூடப் பெரிதில்லை. தெரியாமல் சொன்ன பொய்யும் தவக்காலக் கணக்கில் சேருமா என்று சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமே கேட்டார். தட்டிக்குப் பின்னால் சாமியாரின் தோள் குலுங்குவது தெரிந்தது.

நாலாவது ஆர்மடில்லோவையும் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. கூண்டு ஒரு வாரம் காலியாகக் கிடந்ததும் எடுத்துக் கழுவிக் கொட்டகையில் வைத்தார். மீதி நாட்கள் முழுக்க மண் வேலை. காலையில் பத்து வாளி மண், மத்தியானம் உலக்கை, சாயங்காலம் தண்ணீர். இடுப்பு வலித்தால் ஒரு கையால் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்தினார். ஊன்றுகோலை எங்கே வைத்தோம் என்பதே நடுவில் மறந்துபோயிற்று. போனில் மார்செலா "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல், "இடுப்பு வலிக்குது, மூணு குழி மூடினேன்," என்றார். அந்தப் பதில்கள் மார்செலாவைப் பயமுறுத்தின. அப்பாவுக்கு உண்மையாகவே உடம்பு சரியில்லை என்று அவள் முடிவு கட்டினாள்.

ஈஸ்டர் ஞாயிறு வந்தது. மழை பெய்து வெறித்த வானம். பூசை முடிந்து, நூடுல்ஸ் சூப்பும் ஆட்டுக்கறியும் அல்பினா டீச்சர் கொடுத்தனுப்பிய கசகசா வைத்த கொலாச் ரொட்டியும் சாப்பிட்டு முடிந்ததும், மார்செலா கோவிலுக்குப் போட்டுவந்த குதிகால் செருப்பைக் கழற்றவில்லை.

"இதோடயே நடந்து பாக்கறேன். எங்கயாவது புதைஞ்சா அது குழிதான்."

"தாராளமா நட."

ஒரு விளக்குமாற்றுக் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாலு தப்படிக்கு ஒருமுறை நின்று குத்திப் பார்த்தாள். அலோய்ஸ் வாசற்படியில் கம்பியைப் பிடித்தபடி நின்று அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து, இருபது. முப்பதில் ஒரு இடத்தில் கம்பு கொஞ்சம் இறங்கியது. அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். புல் வேரோடு பிடித்திருந்தது. மறுபடி நடந்தாள். அறுபதாவது தப்படியில் தபால் பெட்டியைத் தொட்டுவிட்டு, திரும்பாமலே கையைத் தூக்கினாள்.

"ஒண்ணுகூட இல்லப்பா!" அங்கிருந்தே கத்தினாள். "இத்தனையும் நீங்களே செஞ்சீங்களா?"

"வேற யாரு செய்வா?"

"சரி. ஜெயிச்சிட்டீங்க. இனிமே நான் வாயைத் திறக்கலை." முதுகைக் காட்டியபடியே பெட்டியைத் திறந்து, சனிக்கிழமைத் தபாலை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கவர்களைப் புரட்டினாள்.

அலோய்ஸ் படியிறங்கி, கம்பியைப் பிடித்தபடியே முற்றத்தில் நின்றார். அப்போதுதான் காலடியில் கரகரவென்று சத்தம் கேட்டது.

படிக்கட்டின் ஓரத்திலிருந்து அது வந்துகொண்டிருந்தது. மெலிந்திருந்தது. ஒரு காதில் கிழிசல். வாலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. நேரே பழைய இடத்துக்கு, பிப்ரவரியில் நோண்டிய அதே இடத்துக்கு வந்து மூக்கைப் புதைத்துத் தோண்டத் தொடங்கியது. அவர் குத்திக் குத்தி இறுக்கிய மண் அதன் நகத்தில் மாவுபோலத் தெறித்தது. ஓட்டின் நடுவே, ஒரு கை அகலத்துக்கு, அங்கங்கே சுரண்டுப்பட்டு, கோவில் கூரையின் நீலம்.

இருபத்தெட்டு மைல். இரண்டு ஆறு. ஒரு நெடுஞ்சாலை.

அலோய்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய மூளை எப்போதும் இல்லாத தெளிவோடு வேலை செய்தது. குழி இன்னும் ஒரு சாண் ஆழம்தான். ஒரு உதை விட்டால் ஓடிப்போகும். நாலு தள்ளு தள்ளினால் மண் மூடிக்கொள்ளும், மேலே நின்றுகொண்டால் போதும். மார்செலா அறுபது தப்படி திரும்பி நடந்து வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். வீடு அவருடையது, வியாழக்கிழமை டோமினோ அவருடையது. வருகிற வியாழக்கிழமை மேஜையில், "அது திரும்பி வந்துச்சுடா, நீலப் பட்டையோட வந்துச்சு," என்று சொல்லலாம். ஃப்லோரியன் மேஜையைத் தட்டிச் சிரிப்பார். அல்பினா டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். தவக்காலம் முடிந்ததும் இவன் பழையபடி ஆரம்பித்துவிட்டான் என்பார்கள். மார்செலா சாகும்வரை, அப்பாவுக்கு நிதானம் தளர்ந்துபோய் முற்றத்தில் விழுந்து கிடந்தார் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"மார்செலா!" என்று கூப்பிட்டார். "இங்க திரும்பிப் பாரு. அது வந்திருக்கு!"

அவள் திரும்பவில்லை. கவர் ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "தவக்காலம் முடிஞ்சிருச்சுன்னு எனக்கும் தெரியும்ப்பா," என்றாள் சிரித்தபடி.

"பட்டை இருக்கு. நீலப் பட்டை!"

"இருக்கும் இருக்கும்."

அலோய்ஸ் படிக்கட்டின் கம்பியை விட்டார். ஆர்மடில்லோவுக்கு ஒரு தப்படி பக்கத்தில் போய் நின்றார். இடது காலை உறுதியாக ஊன்றினார். டாக்டர் சொன்ன நிதானம் இருக்கிறதா என்று ஒரு விநாடி பார்த்துக்கொண்டார், இருந்தது. இந்த முறை மோவாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மார்செலா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தார்.

அது நின்ற இடத்திலிருந்து நேராக மேலே போயிற்று. அவருடைய பெல்டைத் தாண்டி, சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தாண்டி, மோவாய் வரை. நாலு கால்களும் நாலு திசைக்கு விரிந்திருந்தன. நகங்களிலிருந்து மண் உதிர்ந்தது. கழுவித் துடைத்த ஈஸ்டர் வானத்துக்கு எதிரே அதே நீலத்தில் இருந்த அந்தப் பட்டை மட்டும் தெரியவில்லை. நடுவில் வானம் புகுந்து போகும்படி, இரண்டு பாதி ஆர்மடில்லோ அந்தரத்தில் நின்றது. கீழே புதுக் குழி வாயைத் திறந்திருந்தது. அறுபது தப்படி தூரத்தில் கவர்களைக் கையில் பிடித்தபடி, மார்செலாவின் தலை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.